விழுந்தவங்களை உக்கார வைக்காதீங்க

ஒரு வீட்டுக்கு முதல் தடவை போறப்ப, பேஷண்ட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி நான் பாத்ரூமைத்தான் பாப்பேன். திருச்சில வீடு வீடாப் போயி பிசியோதெரபி பண்றதுதான் என் வேலை, அதுலயும் பெரும்பாலும் வயசானவங்க, விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகி வந்தவங்க, மணிக்கட்டு உடைஞ்சவங்க, எதுவும் உடையல ஆனா பயந்துபோயி கட்டிலை விட்டே இறங்காதவங்க. பாத்ரூம் கதவைத் தொறந்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிரும். பளபளன்னு டைல்ஸ், வாசல்ல ஒரு மூணு இன்ச்சு படி, அது மேல பழைய புடவையை மடிச்சுப் போட்ட கால்மிதி, உள்ள சோப்புத் தண்ணி, துணி ஊறவச்ச பக்கெட்டு, சுவத்துல புடிச்சுக்கிறதுக்குன்னு இருக்குற ஒரே பொருள் துண்டு போடுற கம்பி. அந்தக் கம்பியை லேசா இழுத்துப் பாப்பேன், ஸ்க்ரூவோட ஆடும்.

எப்படி விழுந்தாங்கன்னு வீட்ல கேட்டா பதில் ஒரே மாதிரிதான் வரும். வயசாயிருச்சுல்ல, கால் தடுமாறத்தான் செய்யும். நேரம் சரியில்ல. வீட்டுக்குள்ளதான் நடந்தாங்க, எப்படியோ விழுந்துட்டாங்க. இத்தனை வருஷமா இதைக் கேக்குறேன், ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஏன்னா காரணமே இல்லாம யாரும் விழறதில்ல. சொல்லப்போனா ஒரு காரணத்தால விழறவங்களே கம்மி, மூணு நாலு காரணம் ஒரே ராத்திரில ஒண்ணு சேர்றப்பதான் விழறாங்க. அதுல ஒண்ணை எடுத்திருந்தாக்கூட அன்னிக்கு விழுந்திருக்க மாட்டாங்க. இன்னொண்ணும் இருக்கு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன். விழுந்ததுக்கு அப்புறம் பாசத்துல வீட்ல ஒண்ணு சொல்றாங்க பாருங்க, "இனிமே நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம், பேசாம உக்காந்திருங்க"ன்னு, அடுத்த தடவை விழறதுக்கு அந்த உக்கார வைக்கிறதுதான் பெரிய காரணமாயிருது.

உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறந்துபோறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. தற்செயலா நடக்குற விபத்துச் சாவுகள்ல ரோடு விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். இறக்குறவங்கள்ல 60 வயசு தாண்டினவங்கதான் அதிகம், அதோட 80 சதவீதத்துக்கு மேல நம்மள மாதிரி வசதி கம்மியான, நடுத்தர நாடுகள்லதான் நடக்குது. ரோடு விபத்துக்கு ஹெல்மெட், ஸ்பீடு பிரேக்கர், போலீஸ் செக்கிங்ன்னு என்னென்னமோ பண்றோம். பாத்ரூம்ல விழுந்த பாட்டிக்கு "பாவம், வயசு"ங்கிறதோட முடிச்சிர்றோம். தமிழ்நாட்டுல 2021 கணக்குப்படி 100 பேர்ல 13, 14 பேர் 60 வயசைத் தாண்டினவங்க, கேரளாவுக்கு அடுத்தபடியா நாட்டுலயே வயசானவங்க விகிதம் அதிகமா இருக்குற பெரிய மாநிலம் நம்மளுதுதான். இது எல்லா வீட்டுக்கும் வரப்போற விஷயம்.

உறையூர்ல ஒரு பாட்டி. 78 வயசு. விடியக்காலை மூணு மணிக்கு பாத்ரூம் போக எந்திரிச்சு, கட்டில்ல இருந்து நாலு அடி கூட வைக்கல, விழுந்துட்டாங்க. நல்லவேளை இடுப்பு தப்பிச்சுது, வலது மணிக்கட்டு உடைஞ்சுது. கட்டு பிரிச்சு கை பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. நான் கையைப் பாத்துட்டு, பாட்டி நீங்க சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் காட்டுங்கன்னு கேட்டேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பா வந்துச்சு. அதைக் கட்டில்ல கொட்டிப் பிரிச்சுப் பாத்தா, ரெண்டு வேற வேற கம்பெனி பேர்ல ஒரே பிரஷர் மாத்திரை. ஒண்ணு பழைய டாக்டர் எழுதினது, இன்னொண்ணு புதுசா பாத்த டாக்டர் எழுதினது, பாட்டி ரெண்டையும் ஒழுங்கா போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. கால் வீக்கத்துக்கு குடுத்த நீர் மாத்திரை காலைல போட வேண்டியது, காலைல கோயிலுக்குப் போறப்ப அடிக்கடி ஒண்ணுக்கு வருதுன்னு அவங்களே ராத்திரிக்கு மாத்திக்கிட்டாங்க. அதோட ஒரு தூக்க மாத்திரை, எப்பவோ தாத்தா இறந்தப்ப பத்து நாளைக்குன்னு ஆரம்பிச்சது, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப யோசிச்சுப் பாருங்க, நீர் மாத்திரை எழுப்பி விடுது, தூக்க மாத்திரை கண்ணைத் தொறக்க விட மாட்டேங்குது, டபுள் பிரஷர் மாத்திரை எந்திரிச்ச உடனே தலையைச் சுத்த வைக்குது, அதுக்கு மேல இடது கண்ணுல புரை, ரூம்ல லைட்டு சுவிட்சு கதவுப் பக்கம், கட்டில் இந்தப் பக்கம். நைட்டி வேற தரையில புரளுது.

வீட்ல எல்லாரும் சொன்னது "கால் தடுக்கிருச்சு."

நான் கையோட பிரஷர் மெஷின் எடுத்துட்டுத்தான் போவேன். பாட்டியை அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு பாத்தேன், மேல் பிரஷர் 146. எந்திரிச்சு நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல பாத்தா 112. நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் பிரஷர் 20 குறைஞ்சாலோ கீழ் பிரஷர் 10 குறைஞ்சாலோ அது சாதாரணமில்ல, டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். ஆனா நம்ம ஊர்ல எங்க போனாலும் உக்கார வச்சு ஒரு தடவை பாத்து "நார்மல்தான்"ன்னு எழுதிக் குடுத்துர்றாங்க, நிக்க வச்சு பாக்குறவங்க ரொம்ப ரொம்பக் கம்மி. வீட்ல மெஷின் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு ஒரு தடவை நிக்க வச்சும் பாருங்க. பக்கத்துல ஒரு ஆள் புடிச்சுக்க நிக்கணும், அது முக்கியம்.

அந்த டப்பாவை அப்படியே எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போகச் சொன்னேன். அவர் டபுளா இருந்த மாத்திரையை நிறுத்தினார், நீர் மாத்திரையைக் காலைக்கு மாத்தினார், தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தச் சொன்னார் (தூக்க மாத்திரையை நீங்களா ஒரே நாள்ல நிறுத்திராதீங்க, அது வேற பிரச்சினையைக் கொண்டு வரும்). இந்த வேலைக்கு செலவு ஒரு கன்சல்டேஷன் ஃபீஸ். உங்க வீட்டு டப்பாலயும் என்ன இருக்குன்னு இந்த வாரமே பாருங்க. அல்பிரசோலம் மாதிரி தூக்கம், பதட்டத்துக்கான மாத்திரை, புராஸ்டேட்டுக்கு குடுக்குற டாம்சுலோசின், சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கல்ல கேட்டு வாங்குற தூக்கம் வர்ற மாத்திரை, சுகர் மாத்திரை போட்டுட்டு ராத்திரி சரியா சாப்பிடாம படுக்குறது, இதெல்லாம் விழறதோட நேரடியா சம்பந்தப்பட்டது. அதுக்காக எதையும் நீங்களே நிறுத்த வேணாம், கேளுங்க. "இந்த மாத்திரை இன்னும் வேணுமா டாக்டர்?" இதைக் கேக்கலாம், கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

மாத்திரை விஷயம் ஒரு நாள்ல சரியாகும். கால் பலம் அப்படி இல்ல, அதுதான் நான் சொல்ல வந்த பெரிய விஷயம்.

துவாக்குடி பக்கம் ஒரு தாத்தா, பெல் (BHEL) கம்பெனில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். தினமும் காலைல நடந்துபோயி பால் வாங்கி, டீக்கடைல பேப்பர் படிச்சுட்டு வர்ற மனுஷன். ஒருநாள் வாசல் படில கால் தவறி விழுந்தார், முட்டில சிராய்ப்பு, அவ்வளவுதான். பையன் வெளிநாட்டுல. அங்க இருந்து பதறிப்போயி பால் வீட்டுக்கே வர ஏற்பாடு பண்ணி, பேப்பர் போடச் சொல்லி, ஹால்ல கேமரா மாட்டி, எந்திரிச்சு நடந்தாலே போன் பண்ணி "அப்பா உக்காருங்கப்பா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டார். பாசம்தான், அதுல சந்தேகமே இல்ல. பெரியவரும் பையன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சேர்லயே உக்காந்துட்டார். கொஞ்ச மாசம் கழிச்சு நான் போறப்ப, சேர்ல இருந்து எந்திரிக்க ரெண்டு கையையும் ஊனி, மூணு தடவை ஆடி, நாலாவது தடவைதான் எந்திரிச்சார். தொடையைத் தொட்டுப் பாத்தா தொளதொளன்னு இருக்கு. இப்ப அவரால கக்கூஸ் போக துணைக்கு ஆள் வேணும். விழுந்ததால அவருக்கு எதுவும் ஆகல, உக்கார வச்சதாலதான் ஆச்சு.

2007ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, வயசான ஆனா நல்ல ஆரோக்கியமா இருந்த கொஞ்சம் பேரை 10 நாள் படுக்கையிலயே இருக்க வச்சாங்க, அந்த 10 நாள்ல கால்கள்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருச்சு. நோய் இல்லாதவங்களுக்கே இந்த கதி. இருவது வயசுப் பையன் ஒரு வாரம் படுத்தா திரும்ப ஓடிப் புடிச்சிருவான், எழுவது வயசுல போன சதையைத் திரும்பக் கொண்டு வர்றது பெரும்பாடு, வரும், ஆனா மாசக்கணக்குல உழைக்கணும். அதனால டாக்டர் நடக்கக் கூடாதுன்னு சொல்லாத வரைக்கும், விழுந்தவங்களை அடுத்த நாளே துணைக்கு நின்னு நடக்க வைங்க.

நல்ல செய்தி என்னன்னா, எந்த வயசுலயும் காலுக்கு பலம் ஏத்தலாம், இதுக்கு ஆதாரம் குவிஞ்சு கிடக்கு. நியூசிலாந்துல ஒடாகோ பல்கலைக்கழகத்துல ஜான் கேம்ப்பெல், கிளேர் ராபர்ட்சன்னு ரெண்டு பேரோட குழு ஒரு பயிற்சி முறையை உருவாக்கினாங்க, வீட்லயே செய்யுற மாதிரி, காலுக்கு பலம், பேலன்ஸ், நடை, அவ்வளவுதான், வாரத்துக்கு மூணு நாள். 80 வயசு தாண்டினவங்களுக்கும் குடுத்துப் பாத்தாங்க, விழறது மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சுது. 2019ல காக்ரேன் அமைப்பு உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை எல்லாம் சேத்துப் பாத்து, பயிற்சியால விழற எண்ணிக்கை 23 சதவீதம் குறையுதுன்னு சொன்னாங்க. சும்மா வாக்கிங் மட்டும் போறதுக்கு இந்தப் பலன் இருக்குன்னு அதுல உறுதியா சொல்ல முடியல, பேலன்ஸ் பயிற்சி இருக்கணும். இது நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், "எங்கப்பா டெய்லி வாக்கிங் போறாரே"ன்னு நிம்மதியா இருந்துர்றாங்க.

நான் சொல்லிக் குடுக்குறது ரொம்ப சிம்பிள். கை வச்ச மரச் சேர் ஒண்ணை சுவத்தோட ஒட்டிப் போட்டு, அதுல உக்காந்து எந்திரிக்கிறது, முதல்ல கை ஊனி, போகப் போக கையை ஊனாம. பிளாஸ்டிக் சேர் வேணவே வேணாம், டைல்ஸ்ல வழுக்கிட்டுப் போயிரும். அப்புறம் சமையல் மேடையைப் புடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குறது, ஒரு கால்ல நிக்கிறது, பக்கவாட்டுல நடக்குறது. ஒரு காலோட விரலுக்கு நேர் முன்னாடி இன்னொரு காலோட குதிகால் படுற மாதிரி நேர்கோட்டுல நிக்கிறது, அதைப் பத்து செகண்டு நிக்க முடியலன்னா பேலன்ஸ் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். நம்ம அம்மாக்கள், பாட்டிகள் "எக்ஸர்சைஸ்"ன்னா செய்ய மாட்டாங்க, எனக்கெதுக்கு இந்த வயசுலன்னு கூச்சப்படுவாங்க, ஆனா குக்கர் மூணு விசில் வர்ற வரைக்கும் மேடையைப் புடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்குங்கன்னா செய்யுறாங்க. சாமி ரூம்ல விளக்கேத்தினதும் உக்காந்து எந்திரிக்கிறதைப் பத்து தடவைன்னு வச்சுக்கிட்ட ஒரு அம்மா இருக்காங்க, ஒரு நாள் கூட விட்டதில்ல.

உங்க வீட்ல யாருக்கு ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன டெஸ்ட். சேர்ல உக்காந்திருக்கணும், எந்திரிச்சு மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உக்காரணும். அவங்க வழக்கமா நடக்குற வேகத்துலயே, கைத்தடி வழக்கமா வச்சிருந்தா அதோட. போன்ல டைம் பாருங்க, 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா விழற வாய்ப்பு அதிகம்னு எடுத்துக்கலாம். செகண்டை மட்டும் பாக்காதீங்க, திரும்புறப்ப எப்படித் திரும்புறாங்கன்னு பாருங்க, நான் அதைத்தான் முக்கியமா பாப்பேன். குட்டிக் குட்டியா நிறைய அடி வச்சுத் திரும்பினாலோ சுவத்தைத் தொட்டுக்கிட்டாலோ அங்கதான் பிரச்சினை.

சாப்பாட்டைப் பத்தியும் சொல்லணும். வயசானவங்க ராத்திரிக்கு ரெண்டு இட்லி, இல்லன்னா ரசம் சாதம், கஞ்சின்னு முடிச்சுக்கிறாங்க. உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது வேணும், கிட்னி பிரச்சினை இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுக்கணும். முட்டை, சுண்டல், பருப்பு, தயிர், மீன், எது ஒத்துக்குமோ அது. பயிற்சி மட்டும் பண்ணிட்டு சாப்பிடலன்னா சதை எங்க இருந்து வரும்?

விட்டமின் டி பத்தி எல்லாரும் கேக்குறாங்க. 60,000 யூனிட் பாக்கெட்டு மெடிக்கல்ல வாங்கி அவங்களா மாசக்கணக்குல சாப்பிடுறாங்க. குறைபாடு இருக்கறவங்களுக்கு டாக்டர் சொல்ற அளவு வேணும்தான். ஆனா விழாம இருக்கன்னு எல்லாரும் சாப்பிடுறதுல பலன் இல்ல. 2010ல ஆஸ்திரேலியாவுல 2,000த்துக்கு மேற்பட்ட வயசான பெண்களை வச்சு பண்ணின ஆய்வுல வருஷத்துக்கு ஒரே தடவையா 5 லட்சம் யூனிட் குடுத்தவங்க குடுக்காதவங்களை விட அதிகமா விழுந்திருக்காங்க, எலும்பும் அதிகமா உடைஞ்சிருக்கு. ஒரு பாக்கெட்டுல இந்தப் பிரச்சினை தீந்துராது.

இப்ப மறுபடி பாத்ரூமுக்கு வர்றேன். புடிச்சுக்கிற கம்பி வேணும், ஸ்டீல் கிராப் பார்னு ஹார்ட்வேர் கடைல கிடைக்குது. ஒண்ணு டாய்லெட் பக்கத்துல, ஒண்ணு குளிக்கிற இடத்துல, ஒண்ணு உள்ள நுழையுற படி பக்கத்துல. செங்கல் சுவத்துல டிரில் போட்டு ஆங்கர் போல்ட்டு வச்சு இறுக்கணும், மாட்டி முடிச்சதும் நீங்க முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்க. காத்தை வச்சு ஒட்டுற ரப்பர் டைப்பு ஆன்லைன்ல வருது, அதை நம்பி ஒரு உயிரை விட முடியாது. குளிக்கிறதுக்கு நாலு கால்லயும் ரப்பர் புஷ் வச்ச ஸ்டூல். தாழ்ப்பாளை உள்ள போட்டுக்கிட்டு விழுந்துட்டா கதவை உடைக்கணும், அதுக்குள்ள என்ன வேணா ஆகலாம், அதனால வெளிய இருந்தும் தொறக்குற மாதிரி பூட்டு மாத்துங்க, இல்லன்னா தாழ்ப்பாளே வேணாம், வெளிய ஒரு துண்டைத் தொங்க விட்டா உள்ள ஆள் இருக்குன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். இந்தியன் டாய்லெட்டுல உக்காந்து எந்திரிக்க முடியுறவங்க தாராளமா அதுலயே போகட்டும், பக்கத்துல கம்பி மட்டும் போட்டுக் குடுங்க, முடியாதவங்களை வற்புறுத்தாதீங்க.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள்ல வேற மாதிரி. திண்ணைல இருந்து ரேழிக்கு ஒரு படி, நிலைப்படி ஒரு உயரம், அப்புறம் முற்றத்துக்கு ஒரு இறக்கம், தரை எல்லாம் அம்பது வருஷம் தேஞ்சு வழவழன்னு இருக்குற சிமெண்டு. அதே வீட்ல பொறந்து வளந்தவங்க கண்ணை மூடிட்டே நடப்பாங்க, ஆனா கண்ணு மங்கினதுக்கு அப்புறம் ஒரே கலர்ல இருக்குற படியும் தரையும் அவங்களுக்கு ஒண்ணாத்தான் தெரியும். ஒவ்வொரு படியோட விளிம்புலயும் ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு போடுங்க. வீட்டு அழகு கெட்டுப்போயிரும்னு ஒரு வீட்ல மறுத்தாங்க, அப்ப அந்த அம்மாவே "கோலத்துக்குக் காவி கட்டுற மாதிரி நெனச்சுக்கங்கடா"ன்னு சொல்லிப் போட வச்சுட்டாங்க.

மார்கழி மாசம் எனக்கு வேலை கூடும். விடியறதுக்கு முன்னாடி இருட்டுல, தண்ணி தெளிச்ச வாசல்ல, வெறும் வயித்துல குனிஞ்சு கோலம் போட்டுட்டு சட்டுனு நிமிர்றாங்க, தலை சுத்துது. கோலம் போடாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், அது அவங்க உயிர். வாசல் லைட்டைப் போட்டுட்டு, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு, சின்ன முக்காலில உக்காந்து போடுங்க, எந்திரிக்கறப்ப கேட்டைப் புடிச்சு மெதுவா எந்திரிங்கன்னு சொல்லுவேன். எண்ணெய் தேச்சுக் குளிக்கிறதும் அப்படித்தான், எண்ணெயை ரூம்ல உக்காந்து தேச்சு, உள்ளங்காலை நல்லா துடைச்சுட்டு அப்புறம் பாத்ரூமுக்குப் போகணும். தரை துடைக்கிற நேரத்துல பெரியவங்க ஒரு இடத்துல இருக்கணும், காயுற வரைக்கும். தேஞ்ச ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்க, பின்னாடி வார் வச்ச செருப்பு வாங்கிக் குடுங்க. கைத்தடி அடில இருக்குற ரப்பர் புஷ் தேஞ்சா உடனே மாத்துங்க, தடி உயரம் கையைத் தொங்கப் போட்டா மணிக்கட்டு வர்ற அளவு, புடிக்கிறது வலி இருக்குற காலுக்கு எதிர்ப்பக்கக் கைல. பாதிப் பேர் வலிக்கிற பக்கமே புடிக்கிறாங்க.

கண்ணாடி. மேல தூரம் கீழ கிட்டம்னு இருக்குற பைஃபோக்கல் போட்டுக்கிட்டு படி இறங்குறப்ப படி மங்கலாத் தெரியும், ஏன்னா கீழ்ப்பக்கம் படிக்கிறதுக்கான பவர். வெளிய போறவங்களுக்கு தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒண்ணு நல்லது. புரை இருந்தா தள்ளிப் போடாதீங்க, முதல் கண்ணு ஆபரேஷன் பண்ணினதுமே விழறது குறையுதுன்னு இங்கிலாந்துல ஆய்வு பண்ணிப் பாத்திருக்காங்க.

இத்தனையும் பண்ணினாலும் ஒரு விஷயம் நடக்கலன்னா வீண். பெரியவங்க விழுந்ததைச் சொல்றதில்ல. அமெரிக்காவுலயே 65 தாண்டினவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழறாங்க, அதுல பாதிப் பேர் கூட டாக்டர்கிட்ட சொல்றதில்லயாம். நம்ம வீட்ல ஏன் சொல்ல மாட்டாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும், என்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லுவாங்க. "சொன்னா கோயிலுக்கு விட மாட்டான் பாப்பா." "மருமக பயந்துக்கிட்டு அடுப்படிக்கே வரக்கூடாதுன்னுருவா." "ஹோம்ல விட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு." அவங்க ஒளிக்கிறது வலியை இல்ல, நடமாட்டத்தைப் புடுங்கிருவோம்ங்கிற பயத்துல ஒளிக்கிறாங்க. அதனால கேக்குறப்ப திட்டாம கேளுங்க. "போன மாசத்துல எங்கயாவது கால் வழுக்குச்சா, எதையாவது புடிச்சுக்கிட்டு தப்பிச்சீங்களா?" விழப் பாத்து தப்பிச்சதும் கணக்குதான். பதில் வந்ததும் "அப்ப இனிமே போகாதீங்க"ன்னு சொல்லிட்டா அடுத்த தடவை வாயே தொறக்க மாட்டாங்க. எந்த இடத்துல வழுக்குச்சோ அந்த இடத்தைச் சரி பண்ணுங்க.

விழுந்துட்டாங்கன்னா பதறிப்போயி கக்கத்துல கை குடுத்துத் தூக்காதீங்க. முதல்ல அப்படியே விட்டு, எங்க வலிக்குதுன்னு கேளுங்க. ஒரு கால் குட்டையா, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தா இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கலாம், நகட்டாம 108க்கு போன் பண்ணுங்க. இடுப்பெலும்பு உடைஞ்சதுக்கு எண்ணெய்க் கட்டு, புத்தூர் கட்டுன்னு அலையாதீங்க, கையைக் கூப்பிக் கேட்டுக்கிறேன். அதுக்கு ஆபரேஷன்தான், முடிஞ்சா ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள. படுக்கையிலயே போட்டா படுக்கைப்புண், நிமோனியா, கால்ல ரத்தக்கட்டின்னு வரிசையா வரும். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி அடுத்த நாளே நிக்க வச்ச எத்தனையோ பேர் மறுபடி தனியா நடக்குறதை நான் பாத்திருக்கேன். தலைல அடி பட்டிருந்து, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்கன்னா, நல்லாத்தான் பேசுறாங்கன்னு விட்டுராதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வயசானவங்களுக்கு மண்டைக்குள்ள ரத்தம் மெதுவா கசிஞ்சு ரெண்டு மூணு வாரம் கழிச்சுக்கூட தலைவலி, குழப்பம், நடை தள்ளாட்டம்னு வரலாம்.

அடி எதுவும் இல்லன்னா எந்திரிக்கத் தெரியணும், இதைச் சொல்லிக் குடுக்குறவங்களே இல்ல. ஒருக்களிச்சுப் படுத்து, கையை ஊனி, முட்டி போட்டு, தவழ்ந்து கட்டில் கிட்டயோ கனமான சேர் கிட்டயோ போயி, ரெண்டு கையையும் அது மேல வச்சு, பலமான காலை முன்னாடி ஊனி எந்திரிச்சு, திரும்பி உக்காரணும். பாய்ல உக்காந்து பழகின நம்ம ஆளுங்களுக்கு இது சீக்கிரம் வரும். நல்லா இருக்குறப்பவே பக்கத்துல ஆள் இருந்து பழக்கி விடுங்க. தனியா இருக்கறவங்க விழுந்து எந்திரிக்க முடியாம மணிக்கணக்கா தரையிலயே கிடக்குறதுதான் கொடுமை, போனை டிவி மேல வைக்காம ஒரு சின்னப் பையில போட்டு கழுத்துல மாட்டிக்கச் சொல்லுங்க.

பிசியோவுக்கு காசு குடுத்து வர வைக்க முடியாதவங்களுக்கும் வழி இருக்கு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் இல்ல, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குறதும் இருக்கு, நிறைய பேர் மாத்திரையை மட்டும் வாங்கிட்டு விட்டுர்றாங்க. சென்னை பக்கம் இருக்கறவங்களுக்கு அரசு பொது மருத்துவமனைல முதியோர் மருத்துவத்துக்கு தனிப் பிரிவு 1978ல இருந்தே இருக்கு, டாக்டர் வி.எஸ். நடராஜன் ஆரம்பிச்சது. கிண்டில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ல தொறந்தாங்க. தனியா இருக்குற பெரியவங்களுக்கு உதவியோ விவரமோ வேணும்னா 14567ங்கிற இலவச நம்பருக்குக் கூப்பிடலாம். உங்க ஏரியாவுல மாத்திரை குடுக்க வர்ற அந்த அக்காகிட்ட, எங்க வீட்ல ஒருத்தர் விழுந்திருக்காங்க, பிசியோவுக்கும் பேரை எழுதிக்கங்கன்னு சொல்லுங்க, சொன்னாத்தான் எழுதுவாங்க.